கடல் பக்கத்துச் சுவர்

வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு மூட்டைகளைச் சேர்த்து வைத்த கிட்டங்கி ஒன்றைப் புதுப்பித்து மீனவர் சமுதாயக் கூடமாக்கினார்கள். சுண்ணாம்பு வேலைக்குத் தலைமை மேஸ்திரி அமலோற்பவம். வயது நாற்பது. அவளிடம் தொழில் கற்க வந்த சீடர் வைகுண்டமணி. ஓய்வுபெற்ற இன்ஜினியர், வயது அறுபத்தொன்று. சீடர் குருவை 'மேஸ்திரியம்மா' என்பார். குரு சீடரை 'சார்' என்பாள்.

கூடம் திறந்து பதினொரு நாள் ஆயிற்று. ஒருவரும் உள்ளே வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஐம்பது பேராவது சேராவிட்டால் ஓர் ஓட்டல்காரருக்குக் குத்தகைக்குப் போய்விடும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று புதன்.

வைகுண்டமணிக்கு உட்கார முடியவில்லை. மின்விசிறியைப் போட்டார், நிறுத்தினார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். பிறகு வரிசையாகப் போட்டார். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகத் தானே பேசிவிட்டு வந்தார். வந்ததும் மறுபடி வட்டமாகப் போட்டார்.

"மேஸ்திரியம்மா, நிழல் இருக்கு, தண்ணி இருக்கு, பிள்ளைங்க தூங்கத் தொட்டில் கட்டியிருக்கு. ஏன் ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க?"

அமலோற்பவம் கொத்துக்கரண்டியைக் கழுவி வைத்தாள். "கரைக்குப் போவோம், சார்."

கரையில் மீன் விற்கும் ரெஜினாள் வைகுண்டமணியைக் கண்டதும் முந்தானையைச் சுருட்டி மைக்காகப் பிடித்தாள். "பெரியோர்களே, தாய்மார்களே. காற்றோட்டமான கூடம். கட்டணம் ஏதுமில்லை. வாரீர், வாரீர்." மூக்கடைத்த அவர் குரல் அச்சாக வந்தது. நடுவில் அவர் இருமும் இருமலையும் விடவில்லை. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இவ்வளவு நல்லாப் பேசுறியே, ஒருதரம் வந்து பாக்கக் கூடாதா?" என்றார் வைகுண்டமணி.

"வாறேன். கூடையை யாரு தூக்குவா? நீரு தூக்கும், பின்னாலேயே வாறேன்."

அவர் குருவைப் பார்த்தார்.

"தூக்குங்க, சார்."

ஐஸ் போட்ட மீன்கூடை தலையில் ஏறியது. கூடம் எதிரேதான், நூறடி தூரம். நேராக நடந்தார். கூடத்தின் கடல் பக்கச் சுவர் வந்து நின்றது. இடப்பக்கம் திரும்பினார். சுவரோடு சுடுமணல், முள்வேலி, ஒரு சந்து, லாரி போகும் மெயின் ரோடு, பிறகு கூடத்தின் வாசல். அதற்குள் ஐஸ் கரைந்து மீன்தண்ணீர் அவர் காலருக்குள் இறங்கி இடுப்பு வரை போயிருந்தது.

"முன்னயெல்லாம் அந்த ஓட்டை வழியா வெத்தலை மடிக்கிற நேரத்துல வந்துருவோம்" என்றாள் ரெஜினாள்.

"எந்த ஓட்டை?"

"நீரு அடைச்ச ஓட்டைதான்."

கிட்டங்கி பாழாய்க் கிடந்த நாளில் கரைக்காரர்கள் கடல் பக்கச் சுவரில் ஆள் நுழைய இடித்த வழி அது. அதை அடைத்ததுதான் வைகுண்டமணி தனியாகச் செய்த முதல் வேலை. பழைய அளவுச் செங்கலைத் தேடி எடுத்து, ஒட்டு தெரியாமல் கட்டியிருந்தார்.

ரெஜினாள் தொட்டிலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். "புள்ளைய இதுல போட்டுட்டுக் கரைக்குப் போனா, அது அழுதா யாருக்குக் கேக்கும்?" கூடையைத் தானே தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

"அது இடிச்ச ஓட்டை, மேஸ்திரியம்மா" என்றார் வைகுண்டமணி. சட்டையைப் பிழிந்துகொண்டே உள்ளே போய், கட்டடத்தின் மூலப்படத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். "பாருங்க. அந்தப் பக்கம் வாசலே கிடையாது. இருந்தது மாதிரியே கொண்டுவரணும்னுதானே நாம கட்டினோம்?"

"ஏன் வாசல் வைக்கலையாம்?"

அவர் படத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பின் மேல் விரலை ஓட்டினார். "கரையில இருக்கிறவங்க உள்ள வந்து உப்பு எடுத்துடக் கூடாதுன்னு."

அமலோற்பவம் படத்தைப் பார்த்தாள். கடல் பக்கத்துச் சுவரையும் பார்த்தாள்.

"வேலையில ஒரு குறையும் இல்ல, சார். யாரு வரக்கூடாதுன்னு கட்டினாங்களோ, அவங்க வரல."