தலையெழுத்தில் ஒரு புள்ளி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குக் கடல் கடந்த தேசத்திலிருந்து வாசனைத் தைலப் புட்டி ஒன்று வந்தது. தைலத்தை அவர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. புட்டியின்மேல் எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எழுத்துகளின் தலையில் புள்ளியும் கோடும் இருந்தன.

"மேசை, கோப்பை எல்லாம் அந்தத் தேசத்துச் சொற்கள்தானே? இங்கே மட்டும் ஏன் மொட்டைத் தலையோடு நிற்கின்றன?" என்றார்.

தலைமைப் புலவர் திரிவிக்கிரம பண்டிதர் அப்போதே உத்தரவு எழுதினார். "வெளியிலிருந்து வந்த சொல் ஒவ்வொன்றுக்கும் தலையெழுத்தில் புள்ளி வைக்க வேண்டும். வைக்காதவன் கட்டைவிரலை இழப்பான்."

சபை விகடன் உலகன் எழுந்தான்.

"மகாராஜா, நம் எழுத்தில் புள்ளி அலங்காரம் இல்லை. புள்ளி வைத்தால் எழுத்தின் உயிர் போய்விடும். எழுத்தாணி குத்தினால் ஓலையும் கிழியும். அதனால்தான் ஓலை எழுதுகிறவர்கள் வைக்க வேண்டிய இடத்தில்கூடப் புள்ளி வைப்பதில்லை. அவர்கள் கை அப்படிப் பழகிவிட்டது. வீணாக விரல்கள் போகும்."

ராஜா கொட்டாவி விட்டார். "இன்றைக்கு உன்னிடம் வேடிக்கை ஒன்றும் இல்லையா?"

பண்டிதர் புன்னகைத்தார். அவர் பாடிய பாட்டைக் கேட்டால் கொட்டாவி விடும் ராஜா, உலகன் தும்மினாலும் சிரிப்பார். அந்தப் புண் அவருக்கு ஆறவே இல்லை. உலகனின் தங்கை நாச்சியின் கணவன் சேந்தன் அரண்மனையில் ஓலை எழுதிப் பிழைப்பவன். அதுவும் அவருக்குத் தெரியும்.

சேந்தன் சிக்கினான். சமையல்கட்டுக்கு அவன் எழுதிய ஓலையில் 'கோப்பை'க்குப் புள்ளி இல்லை.

நாச்சி ஓடி வந்தாள். "ஊரையே சிரிக்க வைக்கிறாயே அண்ணே. ஒரு விரலைக் காப்பாற்ற உன்னால் முடியாதா?"

உலகன் சபைக்கு விரைந்தான்.

"தண்டனை ஓலையைக் குற்றவாளியே எழுதட்டும். அதுதான் அவன் கடைசி ஓலை. சபையில் உலகன் படிக்கட்டும். நல்ல குரல்" என்றார் பண்டிதர். ராஜா தலையசைத்தார்.

பண்டிதர் வாசகத்தைச் சொன்னார். 'வெட்டப்படும்' என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அது கசாப்புக்காரன் சொல். வடசொல்லாகப் பார்த்து 'சேதிக்கப்படும்' என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"உத்தரவுப்படி எழுது, மாப்பிள்ளை. ஒரு புள்ளியும் விடாதே" என்றான் உலகன்.

"என் விரலை வெட்டும் ஓலைக்கும் புள்ளியா, மச்சான்?"

"வெளியிலிருந்து வந்த சொல்லுக்கெல்லாம் வை. எந்த வெளி என்று உத்தரவில் இல்லை."

மறுநாள் சபை நிறைந்திருந்தது. ஒரு தூணோரம் ஒருவன் வெட்டுக்கத்தியோடு தயாராக நின்றான். உலகன் ஓலையை எடுத்துத் தொண்டையைச் செருமினான்.

"ர்ர்ர்ர்…"

"யார் உறுமுவது?" என்றார் ராஜா.

"தாங்கள்தான், மகாராஜா. 'ராஜா' என்று தொடங்குகிறது. தலையெழுத்தில் புள்ளி. உயிர் போய்விட்டது. மிச்சம் இவ்வளவுதான்."

பண்டிதர் குதித்து எழுந்தார். "அது நம் சொல்!"

"போன மாதம் இதே சபையில் அது வடக்கிலிருந்து வந்த சொல் என்று மூச்சுவிடாமல் விளக்கினீர்களே, பண்டிதரே?"

"வந்து வெகுகாலம் ஆயிற்று!"

"வந்தது வந்ததுதானே? 'பண்டிதர்' என்பதையும் படித்துக் காட்டட்டுமா? கொஞ்சம் விலகி நில்லுங்கள். ப்! துப்பியதுபோல் இருக்கும்."

ராஜாவின் உதடு துடித்தது. "மேலே படி."

"'சேந்தனின் வலக்கைக் கட்டைவிரல்.' எல்லாம் நம் சொல். தெளிவாக இருக்கிறது. அந்த விரலை என்ன செய்வது என்பதுதான்… ச்… ச்… ச்… பண்டிதர் 'வெட்டு' என்று சொல்லியிருந்தால் வாய் நிறையப் படித்திருப்பேன். ஓலை பரிதாபப்படுகிறது, மகாராஜா. வேறொன்றும் சொல்லவில்லை."

ஓலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். 'ராஜா' இருந்த இடத்தில் ஓட்டை. அதன் வழியே வெயில் தெரிந்தது.

ராஜா வெடித்துச் சிரித்தார். அவர் சிரித்ததும் சபையும் சிரித்தது. கத்தி பிடித்திருந்தவனும் சிரித்தான். சேந்தன் கைகளை அக்குளில் ஒளித்துக்கொண்டு நின்றான்.

"உத்தரவு ரத்து! விரல் அவனுக்கே!" ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உலகனுக்குப் போட்டார். "எல்லாம் சரி, உலகா. இவ்வளவு தெளிவான விஷயம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன், மகாராஜா. சிரிப்பு வருகிற மாதிரி சொல்லவில்லை."

அதற்கும் ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கையிலிருந்த மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார்.