விளா ஓட்டில் அளந்த பால்

குளக்கரை அத்திமரத்தில் நீலி என்றொரு மந்தி இருந்தாள். அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைக்குப் பொட்டு என்று பேர். பால் குடிப்பான், தூங்குவான், எழுந்து மறுபடி குடிப்பான்.

அந்தக் குரங்குக் கூட்டத்தில் ஒரு வழக்கம். சிறுத்தை வருகிறதா என்று பார்க்க, முறை வைத்துப் பாறை உச்சியில் காவல் இருக்க வேண்டும். நீலியின் முறை நெருங்கியது. வெயிலில் பாறை கொதிக்கும். கைக்குழந்தையை அங்கே கொண்டுபோக முடியாது.

"என்கிட்ட விட்டுட்டுப் போக்கா. பாலை மட்டும் எடுத்து வச்சிடு, நான் புகட்டிக்கிறேன்" என்றாள் தங்கை செல்லி.

நீலி ஒரு காய்ந்த விளாம்பழ ஓட்டைக் கழுவி எடுத்துவந்தாள். கிளையில் சாய்ந்து உட்கார்ந்து பாலைப் பீய்ச்சிப் பார்த்தாள். கை வலித்ததுதான் மிச்சம். ஓட்டின் அடிதான் நனைந்தது.

அந்தப் பக்கமாகப் போன கலாபன் என்ற மயில் நின்றான். காட்டில் யாருக்கு என்ன குறை என்றாலும் யோசனை சொல்வதுதான் அவன் பிழைப்பு. சொன்ன யோசனைக்குப் பழம் வாங்கிக்கொள்வான்.

"இவ்வளவுதானா?" என்றான் ஓட்டுக்குள் எட்டிப் பார்த்து.

நீலிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பத்தாதா அண்ணே?"

"காட்டெருமைக் கன்னுக்குட்டி பால் குடிச்சுப் பாத்திருக்கியா தங்கச்சி? கடைவாய் வழியா நுரை தள்ளும். உன் பிள்ளை கால் வயித்தோட கிடக்கான், பாவம்."

"நான் என்ன செய்யட்டும்?"

"அவன் நினைச்சப்பல்லாம் உறிஞ்சிடறான். அப்புறம் பால் எப்படிச் சேரும்? வாய் வைக்க விடாதே. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பீய்ச்சு. ஓட்டுல அளந்து ஊட்டு. தானா பெருகும். தினம் எட்டு அத்திப்பழம் எனக்கு எடுத்து வச்சிடு."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. தேங்கத் தேங்கத்தானே குளம் நிறைகிறது என்று நீலி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மார்பு கல்லாய்க் கனத்தது. பீய்ச்சியதும் ஓடு பாதிவரை நிறைந்தது.

"பாத்தியா!" என்று கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு எட்டுப் பழத்தையும் தின்றான் கலாபன்.

மூன்றாம் நாள் கால் ஓடுதான் வந்தது. ஐந்தாம் நாள் மறுபடியும் அடி நனைந்ததோடு சரி. பொட்டு வீறிட்டு அழுதான். பிறகு அழவும் தெம்பில்லாமல் விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தான்.

நீலி யார் சொன்னதையும் விடவில்லை. முருங்கைக் கீரையை மென்றாள். பப்பாளிக்காயைக் கடித்தாள். "மீன் தின்னா ஊறும்" என்று கொக்கு ஒரு கெண்டையை நீட்டியது. அதையும் வாயில் போட்டு, போட்ட வேகத்தில் குளத்திலேயே துப்பினாள். கொக்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

"உன் உடம்புவாகு அப்படி" என்றான் கலாபன். "பிள்ளையைக் காட்டெருமைகிட்ட கொடுத்துடு. அங்கயாவது பிழைச்சுக்கிடட்டும்."

நீலி பொட்டுவை அணைத்துக்கொண்டு, காட்டெருமைகள் மேயும் புல்வெளியைப் பார்த்து நடந்தாள். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

பாதையோரச் சேற்றில் காட்டுப்பன்றி மூக்காயி ஒருக்களித்துக் கிடந்தாள். ஏழு குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"எங்கடி கிளம்பிட்ட, இழவு வீட்டுக்குப் போறவ மாதிரி?"

நீலி நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"ஓட்டுல அளந்தியா? எனக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்? இதுங்க விட்டாத்தானே." கடித்த ஒரு குட்டியை மூக்கால் ஒரு தள்ளு தள்ளினாள் மூக்காயி. "ஆமா, அந்தக் கலாபன் எத்தனை பிள்ளைக்குப் பால் கொடுத்தானாம்?"

"அவன் மயிலாச்சே அக்கா."

"சரி, அவங்கம்மாவாவது அவனுக்குக் கொடுத்தாளா?"

நீலி யோசித்தாள். முட்டையிலிருந்து வந்தவன் அவன். பாலின் ருசியே அவனுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"உன் பிள்ளை ஒன்னுக்குப் போறானா?"

"இப்ப நாளைக்கு ரெண்டு தரம்தான்."

"ஓட்டைத் தூக்குறதுக்கு முன்னாடி?"

"ஏழெட்டுத் தரம். என் மடி காஞ்சதே இல்லை."

"உள்ள போகாமலா அவ்வளவும் வெளிய வந்துச்சு?"

நீலி பிள்ளையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். "அப்ப அன்னைக்கும் பால் இருந்திருக்கு" என்றாள் மெதுவாக. "என் கைக்கு வராதது இவன் வாய்க்கு வந்திருக்கு. சேர்த்து வைக்கிறேன்னு நான்தான் வத்த விட்டுட்டேன்."

"அதை உக்காந்து சொல்லுடி. நிக்கிறதால பால் ஊறாது."

நீலி அங்கேயே உட்கார்ந்து பொட்டுவை மார்பில் சேர்த்தாள். முதலில் கொஞ்சம்தான் வந்தது. அவன் சிணுங்கினான், விட்டான், மறுபடி பற்றினான். அன்று பொழுதுக்கும் அவன் மடியை விட்டு இறங்கவில்லை. நீலியும் இறக்கவில்லை.

அதிலிருந்து அவன் கேட்டபோதெல்லாம் கொடுத்தாள். காவலுக்குப் போகுமுன் ஒரு பக்கம் அவன் குடிப்பான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபக்கத்தைப் பீய்ச்சி வைப்பாள். பார்க்கப் பார்க்கப் பால் தாரையாக இறங்கியது. பாறையில் இருக்கும்போது மார்பு கனத்தால் அங்கேயும் பீய்ச்சிவிடுவாள். ஓட்டில் எவ்வளவு என்று அவள் குனிந்து பார்ப்பதில்லை. செல்லி ஓட்டில் இருந்த பாலைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். நீலி இறங்கி வந்ததும் மீதியைப் பொட்டு நேரிலேயே வாங்கிக்கொண்டான். பத்து நாளில் அவன் கன்னம் உப்பிவிட்டது.

கலாபன் வந்தான். "பழம் எங்க? ஓட்டைக் காட்டு, அளவு பாப்போம்."

"அளவுதானே அண்ணே? கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க" என்று, இரண்டு பக்கமும் குடித்து முடித்திருந்த பொட்டுவை அவன் முதுகில் உட்காரவைத்தாள் நீலி.

பொட்டுவுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. சற்று நேரத்தில் கலாபனின் தோகை வழியே வெதுவெதுப்பாக ஏதோ ஓடியது.

"ஐயையோ, என்ன இது!"

"அளவு" என்றாள் நீலி. "காலையிலிருந்து இது ஆறாவது."

தாய்ப்பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும், அது போதுமா என்பதை ஓட்டைப் பார்த்து அல்ல, பிள்ளையைப் பார்த்தே அறிய வேண்டும்.