பங்கு போடாத பன்றி

ஒரு காட்டில், தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போன கரடியின் காதில் ஒரு பேச்சு விழுந்தது. புதருக்கு அந்தப் பக்கம் காட்டுப்பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டே நரியிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

"எனக்கு எதற்கு மருந்து? என் தோலைத் தொட்டுப் பார். முள்கூட முனை மழுங்கித்தான் திரும்பும்."

நரி தொட்டுப் பார்க்கவில்லை. எட்ட நின்றே தலையாட்டியது. கரடி ஒன்றும் கேட்காதது போலத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குகைக்குத் திரும்பியது.

அந்தக் காட்டுக்கே மருந்து செய்வது கரடிதான். கோடையில் புங்க மரங்களின் காய்கள் முற்றி உதிரும். மான், குரங்கு, நரி, முயல் என்று எல்லா விலங்குகளும் தங்களால் முடிந்த அளவு பொறுக்கிக்கொண்டு வந்து குகை வாசலில் கொட்டும். கரடி கொட்டைகளைக் கல்லில் வைத்து நசுக்கி, கசப்பான எண்ணெயைப் பிழிந்து, பாறைக் குழி ஒன்றில் சேர்த்துவைக்கும். இதற்குப் பங்கு போடுவது என்று பெயர். பங்கு போட்டவருக்கு மழைக்காலத்தில் புண்ணோ சிரங்கோ வந்தால் அந்த எண்ணெய் கிடைக்கும். ஒன்றும் வராவிட்டால் நல்லது. அவர் பொறுக்கிய கொட்டை வேறு ஒருவரின் புண்ணை ஆற்றும்.

பன்றி மட்டும் பங்கு போடவில்லை. இத்தனைக்கும் நாள் முழுவதும் புங்க மரத்தடியில்தான் கிழங்கு தோண்டியது. வழியில் கிடந்த காய்களை மூக்கால் ஒதுக்கித் தள்ளியது. ஒரு வாய் கொண்டுபோய்ப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று குரங்கு மரத்தின் மேலிருந்து கேட்டது.

"போன ஆண்டு அதிகமாக எண்ணெய் வாங்கியது யார்? அந்த நோஞ்சான் முயல். அதற்காக நான் குனிந்து பொறுக்க வேண்டுமா?"

"நீங்கள் எப்போதும் குனிந்துதானே இருக்கிறீர்கள், அண்ணே?" என்றது குரங்கு.

பன்றி இன்னொரு கிழங்கைத் தோண்டி எடுத்தது.

மழைக்காலம் வந்தது. முதலில் பன்றியின் காதோரம் அரித்தது. பிறகு முதுகு, வயிறு, தொடை எல்லாம் அரித்தன. சொறி என்பது, குழந்தைகளே, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் தோலுக்குள் புகுந்து குடியிருப்பது. அதற்கு முள்ளைப் போல முனை மழுங்காது.

பன்றி கரடியின் குகைக்கு வந்து நின்றது. காலில் முள் கிழித்த காயத்தோடு மான் அங்கே முன்னமே காத்திருந்தது. குரங்கும் நரியும் இருந்தன. கரடி பன்றியைப் பார்த்ததும் குழிக்குள் கையை விடப் போனது.

"அக்கா," என்று மான் மெதுவாகக் கூப்பிட்டது. "அது நாங்கள் பொறுக்கியது. வெயிலில் கழுத்து வலிக்கப் பொறுக்கினோம். அப்போது எங்களைக் கேலி செய்தவருக்கும் எங்களுக்கும் ஒரே எண்ணெய் என்றால், வருகிற கோடையில் எவர் பொறுக்குவார்?"

கரடியின் கை நின்றது. மான் சொன்னதில் தவறு எதுவும் அதற்குத் தெரியவில்லை. அடுத்த கோடையில் இரண்டு மடங்காகப் போட்டுவிடுகிறேன் என்று பன்றி சொல்லிப் பார்த்தது. உங்கள் தோலுக்குள் முள்ளே நுழையாதே, சொறி மட்டும் எந்த வழியாக நுழைந்தது என்று நரி கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். கரடி குழியின் மேல் இலையை இழுத்து மூடியது. பன்றி திரும்பிப் போய்விட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓடைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. எவருக்கு முதுகு அரித்தாலும் அதில்தான் போய் உரசிக்கொள்வார்கள். பல தலைமுறைகளாக உரசி உரசி அதன் அடிமரம் வழவழவென்று ஆகியிருந்தது. அரிப்பே இல்லாவிட்டாலும், அந்த வழியாகப் போகிறவர் ஒருமுறை முதுகைக் கொடுத்துவிட்டுத்தான் போவார். அவ்வளவு சுகம்.

எண்ணெய் கிடைக்காத பன்றி காலையிலிருந்து மாலைவரை அந்த மரத்தில் உரசிக்கொண்டு கிடந்தது.

சில நாளில் மானின் கழுத்தில் ரோமம் உதிர்ந்தது. நரியின் வால் இளைத்தது. இருவரும் கவலைப்படவில்லை. பங்கு போட்டிருக்கிறோம் அல்லவா? கரடியிடம் போய் எண்ணெய் தடவிக்கொண்டார்கள். சொறி ஆறியது. மகிழ்ச்சியோடு ஓடைக்குப் போனார்கள். போகிற வழியில் மரத்தில் ஒருமுறை உரசிக்கொண்டார்கள். சொறி திரும்பி வந்தது.

இப்படியே எல்லாரும் தடவினார்கள், ஆறினார்கள், மறுபடியும் வந்தார்கள். குழியில் எண்ணெய் இறங்கிக்கொண்டே போனது. மான் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, பன்றியை மரத்தை விட்டு விரட்டியது. பன்றி பாறையில் போய் உரசியது. பாறையை விட்டு விரட்டினார்கள். அது புற்றில் உரசியது. அந்தப் புற்றில்தான் கரடி தன் குட்டிக்குக் கறையான் தின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

குட்டிக்குச் சொறி வந்தது. தாயின் முதுகில் தொற்றிக்கொண்டு போகிற குட்டி அது. கரடி எண்ணெய் தடவி ஆற்றியது. மறுபடியும் வந்தது. மறுபடியும் ஆற்றியது. மூன்றாம் முறை வந்தபோது, குட்டி பால் குடிக்காமல் அழுதது. வயிற்றில் தோல் சிவந்து வெடித்திருந்தது.

கரடி குழியை எட்டிப் பார்த்தது. அடியில் ஒரு கை எண்ணெய் கிடந்தது. புங்கங்காய் முற்ற இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. பனியும் தொடங்கிவிட்டது.

விலங்குகள் எல்லாம் வாசலில் கூடின. அன்றைக்கு அவற்றில் எவருக்கும் சொறி இல்லை. எல்லாருக்கும் அப்போதுதான் ஆறியிருந்தது.

"உங்கள் குட்டிக்கே தடவுங்கள், அக்கா," என்றது மான். "நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம்."

கரடி கடைசி எண்ணெயைக் கையில் வழித்து எடுத்தது. குட்டியைப் பார்த்தது. பிறகு குட்டியைக் குரங்கிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. கரடி போன திசையில், ஈரப் பாறையில் சாய்ந்தபடி பன்றி படுத்திருந்தது.

மானுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து குறுக்கே நின்றது.

"அப்படியானால் பங்கு போட்ட நாங்கள் முட்டாள்களா?"

"இல்லை, மானே. நீங்கள் பொறுக்கிய கொட்டைதான் இந்தக் காட்டைக் காப்பாற்றப் போகிறது. அது எவர் முதுகில் இருந்தால் காப்பாற்றும் என்று மட்டும்தான் நான் பார்க்கிறேன்."

"உங்கள் குட்டி?"

"அவனைக் குகைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன், மற்றவருக்குப் பரவாது. இதை அவனுக்குத் தடவினால் இந்த வாரம் ஆறும். அடுத்த வாரம் பன்றி உரசிய இடத்திலிருந்து திரும்ப வரும். அப்போது குழியில் என்ன இருக்கும்?"

மான் வழியை விட்டு விலகியது.

கரடி வருவதைப் பார்த்த பன்றி தட்டுத்தடுமாறி எழுந்தது. அதன் முதுகில் ஒரு ரோமம்கூட மிச்சமில்லை. இந்த முறை தான் யாரிடமும் கேட்கவில்லையே என்று முணுமுணுத்தது. பிறகு, தான் பங்கு போடாதவன் என்பதையும் தானே சொன்னது.

"அதைக் கோடையில் பேசிக்கொள்வோம், அண்ணே," என்றது கரடி. "நான் மறக்க மாட்டேன். இப்போது திரும்பி நில்லுங்கள்."

பன்றி திரும்பி நின்றது. கரடி அதன் முதுகில் தொடங்கி, விலாவில் இறங்கி, வயிற்றுக்கடியில் கை விட்டு, தொடைவரை அழுத்தித் தேய்த்தது. குரங்கின் மடியில் குட்டி அழுவது கேட்டது. கரடி திரும்பிப் பார்க்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தது.

மான் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தது. பிறகு அருகில் வந்து, பன்றியின் காதுக்குப் பின்னால் மூக்கை நீட்டிக் காட்டியது.

"இங்கே விட்டுப்போயிற்று, அக்கா."

கரடி விரலில் ஒட்டியிருந்ததை வழித்து அங்கே தடவியது.

நீதி: மருந்திலிருந்து ஒருவனை ஒதுக்கிவைக்கலாம், அவனுடைய நோயிலிருந்து நாம் ஒதுங்கியிருக்க முடியாது.