பார்த்துச் செய்யுங்க என்று சொன்ன கரடி

ஊசிமலைக் காட்டில் காத்தாயி என்ற கரடியிடம் ஒரு பழைய கார் இருந்தது. அது ஒரு காலத்தில் நீல நிறமாக இருந்தது என்று காத்தாயி சொல்வாள். காட்டில் யாரும் அதை நம்பியதில்லை. பின்கதவைக் கொடி போட்டுக் கட்டியிருப்பாள். முன்விளக்கு இரண்டில் ஒன்று எரியும், மற்றது அதன் மனம்போல எரியும். ஆனாலும் கால் ஒடிந்த மானும் காய்ச்சல் கண்ட முயலும் வைத்தியரிடம் போய் வந்தது அந்தக் காரில்தான்.

அந்த வருஷம் கோடை முன்னதாகவே வந்துவிட்டது. மலைமேல் இருந்த குளம் நாளுக்கு நாள் வற்றியது. மானும் யானையும் பன்றியும் அடிவாரத்து ஏரியைத் தேடி நடந்தே போய்விட்டன. பதினொரு ஆமைகள் மட்டும் மிஞ்சின. அவை நடந்து போய்ச் சேருவதற்குள் அடுத்த மழையே வந்துவிடும்.

ஆமைகளின் தலைவர் மாணிக்கம் காத்தாயியைத் தேடி வந்தார். குளத்தில் இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் தண்ணீர் தாங்கும், காரில் ஏரிக்குக் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். காத்தாயி யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டாள். அவர் போன பிறகுதான் அவளுக்குப் பாதை ஞாபகம் வந்தது. ஏரிக்கு இறங்கும் பாதையில் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அவள் காரிலோ கொஞ்ச நாளாகப் பிரேக்கை மிதித்தால் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. மிதியும் முன்னைவிட ஆழமாக இறங்கியது.

நல்ல ஒர்க் ஷாப் எது என்று அவள் விசாரித்தாள். எல்லாரும் ஒரே குரலில் சிங்காரத்தைச் சொன்னார்கள். சிங்காரம் ஒரு குரங்கு. ஆலமரத்தடியில் பெரிய ஒர்க் ஷாப் வைத்திருந்தான். வாசலில் பலகை, பலகைக்கு மாலை, மாலைக்கு நடுவில் எலுமிச்சம்பழம். வருகிறவர்களை உட்காரவைத்து ஏலக்காய் டீ கொடுப்பான்.

இங்கே காத்தாயியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நல்லவள், ஆனால் வேலை செய்கிறவரைக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நினைப்பவள். எங்கே போனாலும் “பார்த்துச் செய்யுங்க” என்பாள், அதோடு சரி. போன வருஷம் அணிலிடம் முடிவெட்டப் போய் அப்படித்தான் சொன்னாள். அணில் அதற்குப் பிடித்த மாதிரி பார்த்துச் செய்துவிட்டது. மூன்று மாதம் காத்தாயி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

சிங்காரத்திடமும் அதையே சொன்னாள். “பார்த்துச் செய்யுங்க தம்பி.”

“நீங்க கவலையே படாதீங்கக்கா. நம்ம வண்டி மாதிரி பார்த்துக்கிறேன்” என்றான் சிங்காரம். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பானெட்டைத் தட்டினான். இன்ஜினையே இறக்கி ஏற்றணும், மூன்று நாள் ஆகும் என்று உதட்டைப் பிதுக்கினான். பயந்துபோன காத்தாயி அதற்கும் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் கார் பளபளவென்று நின்றது. கழுவித் துடைத்து, பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, புது ஹாரனும் மாட்டியிருந்தார்கள். ஹாரனை அடித்தால் காடே திரும்பிப் பார்த்தது. இன்ஜினை இறக்கிப் பூராவும் சரிசெய்தாகிவிட்டது என்றான் சிங்காரம். காத்தாயிக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று கூடை அத்திப்பழத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஆமைகளை ஏற்றுவதற்கு முன் ஒரு வளைவு மட்டும் இறங்கிப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு அவள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தாள். மிதி தரையைத் தொட்டது, கார் நிற்கவில்லை. பள்ளத்துக்கு முன்னால் ஒரு மூங்கில் புதர் இருந்ததால் அதில் மோதிச் சிக்கி நின்றது. காத்தாயி இறங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்சீட்டில் பதினொரு ஆமைகளும் இருந்திருந்தால் என்று நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

அந்த வழியாக ஆட்டோ ஓட்டிக்கொண்டு வந்த முள்ளம்பன்றி நிறுத்தி விசாரித்தது. காரைக் கயிறு கட்டி மேலே இழுத்துவிட உதவியும் செய்தது. அதனிடம் காத்தாயி மறுபடியும் நல்ல ஒர்க் ஷாப் எது என்று கேட்கப் போனாள். வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு வேறு மாதிரி கேட்டாள்.

“உன் ஆட்டோவுக்கு என்ன வயசு?”

“என்னைவிட மூணு வயசு கூட.”

“இன்னும் ஓடுதே. யாருகிட்ட விடுற?”

“இருளாண்டிகிட்ட. ஆனா அங்க டீ எல்லாம் கிடைக்காதுக்கா. ஒண்ணும் இல்லாததுக்குப் போனா திட்டித் திருப்பி அனுப்பிடுவாரு.”

இருளாண்டி ஒரு எறும்புத்தின்னி. பலகை கிடையாது, மாலை கிடையாது. பாறை நிழலில் நாலைந்து ஸ்பானர், ஒரு ஜாக்கி, அவ்வளவுதான் ஒர்க் ஷாப். காத்தாயி மெதுவாக உருட்டிக்கொண்டு போனபோது அவர் ஒரு தள்ளுவண்டியின் அடியில் படுத்திருந்தார். வால் மட்டும் வெளியே தெரிந்தது.

காத்தாயி பழக்கத்தை விடவில்லை. “பார்த்துச் செய்யுங்கண்ணே” என்றாள்.

வால் ஆடாமல் நின்றது. “என்னத்தைப் பார்க்கணும்?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

இதுவரை யாரும் காத்தாயியை அப்படிக் கேட்டதில்லை.

இருளாண்டி வெளியே வந்து மண்ணைத் தட்டினார். சத்தம் ஏறும்போது வருகிறதா, இறங்கும்போதா என்று கேட்டார். மிதித்ததும் வருகிறதா, விட்ட பிறகா? ஆள் ஏற்றினால் கூடுகிறதா? காத்தாயி தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தாள். இறங்கும்போதுதான், அதுவும் இடது பக்கம்தான், காலையில் வராது, நாலு தடவை மிதித்த பிறகு வரும். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்தக் காரைப் பற்றி அவளுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது!

“பாதி வேலையை நீயே முடிச்சிட்டம்மா. வா, அடியில வந்து பாரு” என்றார் இருளாண்டி.

நான் எதற்கு என்று காத்தாயி பின்வாங்கினாள். வண்டி யாருடையது என்று அவர் கேட்டார். காத்தாயி மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். இடுப்புவரைதான் போக முடிந்தது, அதுவே போதுமாக இருந்தது. இடது சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் ஒரு இடத்தில் வெடித்து ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இருளாண்டி சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்துபோன பிரேக் கட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். அது காய்ந்த இலை கனம்கூட இல்லை.

“இன்ஜினை இறக்கினதாச் சொன்னாங்களே அண்ணே?” என்றாள் காத்தாயி.

இருளாண்டி பானெட்டைத் திறந்து காட்டினார். மேலே எல்லாம் துடைத்து எண்ணெய் பூசியிருந்தது. இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளின் மேல் மட்டும் ஒரு சிலந்தி பெரிய வலை கட்டிக் குடியிருந்தது. அதன் பாட்டன் காலத்துத் தூசி அப்படியே இருந்தது. யாராவது இங்கே கைவைத்தார்களா என்று கேட்டதற்குச் சிலந்தி கோபித்துக்கொண்டது. நாலு தலைமுறையாக இருக்கிறோம், ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை, இப்போதுதான் வெளிச்சமே வருகிறது, மூடுங்கள் என்றது.

காத்தாயிக்கு ஆத்திரமாக வந்தது. ஏமாற்றினவன்மேல் பாதி, தன்மேல் பாதி.

இருளாண்டி அதைக் கவனிக்காதவர் போல வேலையைச் சொன்னார். குழாயும் கட்டையும் இன்றைக்கே மாற்றணும். கிளட்ச் மழைவரை தாங்கும், இப்போது தொட வேண்டாம். கதவுக்குக் கொடியே போதும், வீண் செலவு எதற்கு? ரேடியேட்டர் அடைப்பு எடுக்கும் வேலை தனக்குச் சரியாக வராது, ஓடையோரத்து நீர்நாயிடம் போ, அவள் கெட்டிக்காரி என்றார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒரு மெக்கானிக்கைக் காத்தாயி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். அவர் குழாய் மாற்றியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் இது என்ன, அது எதற்கு என்று கேட்டாள். அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

திரும்பும் வழியில் ஆலமரத்தடியில் காரை நிறுத்தினாள். தேய்ந்த கட்டையைச் சிங்காரத்தின் மேஜைமேல் வைத்து, இதை ஏன் மாற்றவில்லை என்று கேட்டாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

“பார்த்துச் செய்யத்தானே சொன்னீங்க? பிரேக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையேக்கா” என்றான் சிங்காரம்.

“அது என் தப்புதான். இறக்காத இன்ஜினை இறக்கினேன்னு சொன்னியே, அது யாரு தப்பு?”

சிங்காரம் ஏலக்காய் டீயை எடுத்து நீட்டினான், காத்தாயி வாங்கவில்லை. உட்கார்ந்திருந்த காட்டுப்பூனை எழுந்து, தன் சைக்கிளில் கழற்றிய பழைய செயினைக் காட்டச் சொன்னது. கீரியும் எழுந்தது. அன்று சாயங்காலத்துக்குள் சிங்காரம் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். அடியில் போகக் கற்றுக்கொண்டால் அவனும் உருப்படுவான் என்று காத்தாயி மனதாரச் சொன்னாள்.

மறுநாள் நீர்நாயிடம் ரேடியேட்டரைச் சுத்தம் செய்துகொண்டு காத்தாயி குளத்துக்குப் போனாள். குளம் ஒரு தொட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேற்றில் கிடந்தன. ஒவ்வொருவராகத் தூக்கி ஈரச்சாக்கு விரித்த சீட்டில் வைத்தாள். மூங்கில் புதரில் மோதிய கதை மாணிக்கத்தின் காதுக்கும் போயிருந்தது. அவர் கழுத்தை நீட்டி, ஓட்டுக்குள் இழுத்து, மறுபடி நீட்டினார்.

“காத்தாயி, சின்னதுங்க நாலு இருக்கு. பிரேக் பிடிக்குமா?”

“குழாய் மாத்தினப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். காலையில ரெண்டு வளைவு தனியா இறங்கி ஏறிட்டுத்தான் வர்றேன். பிடிக்கும்.”

மாணிக்கம் தலையை வெளியிலேயே வைத்துக்கொண்டார். கார் இறங்கியது. முதல் வளைவில் யாரும் மூச்சு விடவில்லை. மூன்றாவதில் குட்டி ஆமை ஒன்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தது. ஆறாவதில் ஈரக்காற்று அடித்தது. ஒன்பதாவது வளைவு முடிந்ததும் ஏரி முழுசாகத் தெரிந்தது. கரையில் காத்தாயி பிரேக்கை மிதித்தாள், கார் சத்தமில்லாமல் நின்றது. கதவைக் கட்டிய கொடியை அவிழ்ப்பதற்குள் குட்டி ஆமைகள் நாலும் ஜன்னல் வழியாகவே தண்ணீரில் குதித்துவிட்டன. மாணிக்கம் கடைசியாக இறங்கினார். கழுத்தை முழுசாக நீட்டி ஒரு வாய் தண்ணீர் குடித்தார். காத்தாயிக்கு அதுவே போதும்.

கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்டதற்குக் கோபிக்காமல், கழற்றியதைக் கையில் கொடுத்துக் காட்டுகிறவரிடமே உயிரை நம்பி ஒப்படையுங்கள்.