புகை விடாத ஆலை

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலை. அது விட்ட புகையில் ஊர்க் காக்கைகளே இன்னும் கறுத்துப்போயிருந்தன. சோதனைக்கு வந்த அதிகாரி, "அடுத்த தடவை புகை தெரிஞ்சா சீல்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஆலையை விட்டால் மேஸ்திரி பச்சியண்ணனை வேலைக்கு வைத்துக்கொள்ள வேறு புண்ணியவான் கிடையாது.

முதலாளி அர்த்தநாரி உடனே ஒரு கேஸ் தொட்டி கட்டினார். மரவள்ளிக் கிழங்குத் தோலும், அரைத்து மிஞ்சிய திப்பியும், கழிவுநீரும் அதில் அழுகினால் வாயு வரும். அந்த வாயுவில் அடுப்பு எரியும், புகை வராது.

"தொட்டியில கழிவு மட்டுந்தான் போடணும். விறகைத் தொடாதீங்க. அடுப்பு அணையவே கூடாது" என்று சொல்லிவிட்டு, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வெளியூர் கிளம்பினார். பச்சியண்ணன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். வினை அங்கேதான் பிடித்தது.

மறுநாளே அடுப்பு மங்கியது. பச்சியண்ணன், அவன் மச்சினன் செங்கோடன், கிழங்கு உரிக்கும் பூவாயி மூவரும் கூடி யோசித்தார்கள்.

"கழிவு பத்தலீங்க மாமா" என்றான் செங்கோடன். "கிழங்கை அரைச்சா பாழாப்போன மாவுதான் நெறைய வருது."

"அப்ப முழுக் கிழங்கையும் தொட்டியில தள்ளிரலாமுங்களா?" என்றாள் பூவாயி.

பச்சியண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல கிழங்கைப் போடறதுக்கு நாம என்ன முட்டாளுங்களா? முதலாளி கழிவு மட்டுந்தான்னு சொல்லியிருக்காரு. மொதல்ல அழுக வைங்க. அப்புறமா போடலாம்."

என்ன ஒரு நேர்மை! ஆலையில் இருந்த கிழங்கையெல்லாம் களத்தில் கொட்டி, முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். நாற்றத்தில் பஸ்கூட அந்த நிறுத்தத்தில் நிற்காமல் போனது. நன்றாக அழுகிய பிறகு, மனச்சாட்சி உறுத்தாமல் தொட்டியில் தள்ளினார்கள். அடுப்பு நீலமாக, ஜோராக எரிந்தது.

அதிகாரியும் முதலாளியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். துளிப் புகை இல்லை. "மாவட்டத்துக்கே முன்மாதிரி ஆலை!" என்று பாராட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜவ்வரிசியைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது அவர் இலாகா இல்லை.

முதலாளி உள்ளே ஓடினார். வறுக்கும் தட்டு காலியாகக் காய்ந்துகொண்டிருந்தது. கிடங்கில் ஒரு குருணை கிடையாது.

"அடப் பாவிங்களா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "வறுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாம அடுப்பு எதுக்குடா எரியுது?"

பச்சியண்ணன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"என்னங்க முதலாளி இப்படிக் கேக்கறீங்க? அடுப்பே எரியலீன்னா, புகை வரலீங்கறதை அந்த அதிகாரி எப்படிங்க பார்ப்பாரு?"