நூலில் கோத்த எழுத்துகள்

முன்பொரு காலத்தில் மருதவள நாட்டை வீரகஜராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கோபம் வந்தால் ஒருவனை நாடு கடத்துவான். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் ஆளனுப்பி அவனையே கூப்பிடுவான். அவனிடம் வேலை பார்த்து நிலைத்தவர் மந்திரி திருமேனி ஒருவர்தான்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதன் ஒரு செப்புத்தகட்டோடு வந்தான். இடைவெளியே இல்லாமல் அதில் ஒரு வரி:

நாளைமாலைபலகைதிவிடுதலை

ஓர் எழுத்தும் மிஞ்சாமல் சொல் சொல்லாகப் பிரித்துவிட்டால், வரி சொல்வதை எங்கள் அரசர் அப்படியே செய்வார் என்றான் தூதன். பிரிக்காவிட்டால், அவர்களிடம் பிடிபட்ட மருதவள நாட்டு எல்லைக் காவலர்கள் சிறையிலேயே கிடக்க வேண்டியதுதான். அவர்களில் ஒருவன் மந்திரியின் தம்பி மருதவாணன்.

மந்திரியைக் கண்டாலே வயிறெரியும் ஆஸ்தானப் புலவர் மகுடேசர் முந்திக்கொண்டார். “நாளை, மாலை, பலகை...” அதற்குமேல் ‘திவிடுதலை’ என்று தொங்கியது. எத்தனை முறை பார்த்தும் அப்படியே. கொத்தியவன் பிழை செய்துவிட்டான் என்று சாதித்தார். ராஜாவும் தகட்டைத் திருப்பி வீசச் சொன்னான்.

தம்பியின் முகம் மனதில் வர, திருமேனி எழுந்தார். “பிழை தகட்டில் இல்லை அரசே. நாம் பிரித்த இடத்தில் இருக்கிறது.”

எழுத்துகளை ஓலை நறுக்குகளில் எழுதி ஒரு நூலில் கோத்தார். தமக்குப் பின்னால் அரசி, புலவர், வைத்தியர், தளபதி, கடைசியில் ராஜா என்று நிற்கவைத்தார். வேலை எல்லோருக்கும் ஒன்றுதான்: நூலின் முன்பக்கத்திலிருந்து ஒரு சொல்லை உருவிக்கொண்டு மிச்ச நூலை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அவர் முடியாதென்று திருப்பினால், உருவியதைக் கோத்துவிட்டு வேறு சொல் பார்க்க வேண்டும். வேறு சொல்லே இல்லையென்றால் தமக்குக் கொடுத்தவரிடமே திருப்ப வேண்டும்.

மந்திரி ‘நாளை’யை உருவினார், அரசி ‘மாலை’யை. புலவர் மறுபடியும் ‘பலகை’தான். வைத்தியர் உதட்டைப் பிதுக்கி நூலைத் திருப்பினார். புலவர் வாங்க மறுத்தார். “நான் உருவிய சொல்லை நானே கோப்பதா?”

“திரும்பி வருவது தோல்வியில்லை, புலவரே,” என்றார் திருமேனி. “இந்தப் பாதை அடைத்திருக்கிறது என்று தெரிந்ததே, அது லாபம்.”

ராஜா முறைத்த பிறகு புலவர் ‘பல’ என்று உருவினார். வைத்தியர் ‘கை’யை எடுத்துப் பார்த்தார், தளபதியிடமிருந்து நூல் திரும்பி வந்தது. கோத்துவிட்டு ‘கைதி’ என்றார். சிறையில் இருப்பவர்கள் தன் ஆட்கள் என்பதாலோ என்னவோ, தளபதி ‘விடுதலை’யை ஒரே இழுப்பில் உருவினார்.

ராஜா கையைப் பார்த்தான். “எனக்கு வெறும் நூல்தானே வந்திருக்கிறது?”

“அதுதான் அரசே வெற்றி. உங்களிடம் பிரிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.”

நாளை மாலை பல கைதி விடுதலை. தூதன் தலைவணங்கினான். ராஜா தன் கைக்கடகத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். பலகையை விடாமல் பிடித்திருந்த புலவர் இனி மெத்தையில் உட்கார வேண்டாம், பலகையிலேயே உட்காரட்டும் என்றும் உத்தரவிட்டான். அவை சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் பொழுது சாயும் வேளையில் காவலர்கள் கோட்டைக்குள் நுழைந்தார்கள். மருதவாணன் இளைத்திருந்தான். புதிரை யார் அவிழ்த்தது என்று கேட்டான்.

“அவையே அவிழ்த்தது,” என்றார் திருமேனி. கடகம் தெரியும்படி அவன் தோளில் கைபோட்டுக்கொண்டார். “அவிழ்க்கச் சொல்லிக்கொடுத்தது உன் அண்ணன்.”