வெள்ளிக்கிழமை நாலு மணி

“அம்மை, எனக்கு ஒரு மந்திரம் வேணுங்க” என்றார் மருதாசலம்.

“எதுக்கு?”

“பயம் போறதுக்கு.”

“எப்ப வருது பயம்?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாலு மணிக்குங்க.”

அம்மை சிரிக்கவில்லை. விறகைத் தள்ளி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

ஊருக்கு வெளியே, ஆற்றோரச் சித்தர் சமாதியில் ஆறு வருடமாக, வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றுகிறவள் அவள். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். மருதாசலத்துக்கு ஐம்பத்து மூன்று. ஆனாலும் ஊரோடு சேர்ந்து அவரும் அவளை அம்மை என்றுதான் கூப்பிட்டார்.

“விவரமாச் சொல்லுங்க.”

சொன்னார்.

பைபாஸ் ரோட்டில் ஒரு குடோனில் அவருக்குப் பார்சல் கட்டுகிற வேலை. மாதச் சம்பளம் கிடையாது. மணிக்கு எழுபது ரூபாய். அடுத்த வாரம் யாருக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போனில் பட்டியல் வரும். ஒரு வாரம் ஐம்பது மணி நேரம் போட்டிருக்கும். ஒரு வாரம் முப்பது. ஏன் என்று கேட்டால், அடுத்த வாரம் பேரே இருக்காது.

“வியாழக்கிழமையே வயிறு இறுக ஆரம்பிச்சுருதுங்க. போன் கத்துனா நெஞ்சு அடைக்குது. கை நடுங்குது. பாருங்க.”

நீட்டிய கை நடுங்கியது.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் ஒண்ணாம் தேதி எழுதுகிற திட்டம். வாடகை, கரண்டு, கேஸ், மளிகை, மகளின் விடுதி, மனைவியின் மூட்டுவலி மாத்திரை. எழுதி அழித்து, எழுதி அழித்து, ஓர் இடத்தில் தாள் ஓட்டையாகியிருந்தது.

“எத்தனை மணி நேரம்னு வெச்சு எழுதறீங்க?”

“வாரம் அம்பதுங்க.”

“அம்பது வருதா?”

“வரோணும்னு எழுதறனுங்க.”

அம்மை நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. வேலை இருக்கா?”

“நாளைக்கு எனக்குப் போடலீங்க.”

“காலையில வாங்க. உலை வைக்க ஆள் வேணும்.”

மந்திரத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

•

காலையில் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மை படியை அவர் கையில் கொடுத்தாள்.

“அரிசி போடுங்க.”

“எத்தனை படிங்க?”

“நீங்களே பாருங்க.”

“எத்தனை பேர் வருவாங்க?”

“நேத்து இருபது பேர். முந்தாநாள் நாப்பத்தஞ்சு.”

“இன்னைக்கு?”

“தெரியாது.”

“மறுபடி எப்ப அரிசி வரும்?”

“மண்டிக்காரர் ஒண்ணாம் தேதி மூட்டை இறக்குவார். இன்னைக்குப் பன்னெண்டு.”

மருதாசலம் டிரம்மைத் திறந்தார். கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தார். நாற்பது படி தேறும். இன்னும் பத்தொன்பது நாள்.

இரண்டு படி போட்டார். நாற்பத்தைந்து பேர் வந்துவிட்டால்? இன்னொரு படி அள்ளினார். அப்படியானால் இருபத்தைந்தாம் தேதியே டிரம் காலியாகிவிடும். அள்ளியதைத் திருப்பிக் கொட்டினார். மறுபடி அரைப்படி அள்ளினார். கை நடுங்கி அரிசி தரையில் சிதறியது.

“ஐயோ, மன்னிச்சுக்கங்க.”

அம்மை குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“அம்மை, நீங்களே போடுங்க. என்னால ஆகாது.”

“அண்டா காத்துட்டிருக்கு.”

அந்த அரைப்படியையும் டிரம்மிலேயே கொட்டிவிட்டு மூடியை அழுத்தினார். இரண்டு படிதான்.

•

பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அவர் கரண்டியைத் தொடும் முன்பே அம்மை ஒரு கிண்ணம் நிறையக் கஞ்சி ஊற்றி, தட்டால் மூடி, அடுப்புக்குப் பின்னால் வைத்தாள். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. அவர் கண் வரிசையின் மேலேயே இருந்தது.

பத்துப் பேர். பதினைந்து பேர். பெயின்ட் அடிக்கிற நாலு பேர் சேர்ந்து வந்தார்கள். ஒவ்வொரு தலை தெரியும்போதும் மருதாசலம் அண்டாவை எட்டிப் பார்த்தார். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினார்.

இருபத்தொன்றாவது ஆளுக்கு ஊற்றும்போது கரண்டி அடியில் தட்டியது. சாலையிலிருந்து இன்னும் ஒரு கூட்டம் இறங்கி வந்துகொண்டிருந்தது.

“அம்மை, தீரப் போகுது!”

“வெந்நீர் இருக்கு. ஊத்துங்க.”

“தண்ணியாப் போயிருமே.”

“கஞ்சிதானே.”

ஊற்றினார். உப்புப் போட்டார். மறுபடி ஊற்றினார். முப்பத்தொன்றாவதாக, கடைசியாக வந்தவர் கிண்ணத்தில் பருக்கைகளை எண்ணிவிடலாம். அந்த மனிதர் உள்ளே பார்த்தார். பிறகு நின்றபடியே குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, “வர்றனுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். யாரும் சண்டை போடவில்லை. மருதாசலம் அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மை மூடி வைத்த கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கெட்டியான கஞ்சி.

“சாப்பிடுங்க.”

அவருக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

“கடைசி ஆளுக்கு நான் வெறும் தண்ணியை ஊத்துனனுங்க. இதை அப்பவே கொடுத்திருக்கலாமல்ல?”

“இது உலை வெச்சவருக்கு.”

“உலை வெச்சவன் ஒரு நேரம் பட்டினி கிடந்தா என்னங்க?”

“நாளைக்கு யார் உலை வைப்பா?”

“நான் மத்தியானம் சாப்பிடறதில்லீங்க” என்றார்.

“எப்பலேர்ந்து?”

“பங்குனியிலேர்ந்து.”

“யார் சொன்னாங்க?”

“கணக்கு இடிச்சுதுங்க. கேன்டீன்ல சோறு அம்பது ரூவா. நோட்டுல அதைத்தான் முதல்ல அடிச்சேன்.”

“வீட்டுல தெரியுமா?”

“சாப்பிடறேன்னுதான் நினைச்சிட்டிருக்கா.”

அம்மை கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள். சின்ன வெங்காயம் இரண்டை உரித்து வைத்தாள்.

மருதாசலம் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். அதற்குப் பிறகு அவர் நிமிரவில்லை. கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“கையை நீட்டுங்க” என்றாள் அம்மை.

நீட்டினார்.

இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சும்மா இருந்தது.

“பயத்துல நடுங்குதுன்னு நினைச்சனுங்க” என்றார்.

•

அண்டாவைக் கழுவினார். விறகு பிளந்தார். நிழல் ஆற்றுப் பக்கம் நீண்டது.

நாலு மணிக்குப் போன் கத்தியது.

பயம் அதே மாதிரிதான் வந்தது. எடுக்கவே பிடிக்கவில்லை. அம்மை பக்கத்தில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எடுத்தார். தன் பெயரைத் தேடினார்.

“இருபத்தெட்டு” என்றார்.

இவ்வளவு குறைவாக ஒரு வருடமாக வந்ததில்லை.

“இருபத்தெட்டு மணி நேரங்க, அம்மை! வாடகை கொடுத்தா மளிகை இல்ல. மளிகை வாங்குனா விடுதிக்கு இல்ல. நான் என்ன பண்ணுவேன்?”

“உங்க வீட்டுல உலை யார் வைக்கறாங்க?”

“வசந்தாமணிதானுங்க. என் வீட்டுக்காரி.”

“எத்தனை மணின்னு அவங்களுக்குச் சொல்லுவீங்களா?”

“சொன்னதே இல்லீங்க. சனிக்கிழமை கூலியைக் கையில கொடுப்பேன், அவ்வளவுதான். சொன்னாப் பயந்துக்குவா.”

“பயந்தாங்களா?”

“சொன்னாத்தானுங்களே?”

அம்மை துடைத்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மருதாசலம் கொஞ்ச நேரம் நின்றார். அவள் திரும்பி வரவில்லை.

•

வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிப் பார்த்தார். ஒன்றும் சரியாக வரவில்லை. அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டால்? மகளைப் படிப்பை நிறுத்திக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால்? லைன் வீட்டுச் சந்தில் திரும்பும்போது, அப்படியே பஸ் ஏறி எங்காவது போய்விடலாமா என்றுகூட நினைத்தார்.

வசந்தாமணி வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, இப்படி வேர்த்திருக்கு?”

அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“நான் மத்தியானம் சாப்பிடறதில்ல” என்றார். வேறொன்று சொல்ல வந்து அதுதான் முதலில் வாயில் வந்தது.

அவள் கை நின்றது.

“எப்பலேர்ந்து?”

“பங்குனியிலேர்ந்து. கேன்டீன் காசை மிச்சம் பிடிச்சு, உன்கிட்டக் கொடுக்கற கூலியோட சேர்த்துட்டேன்.”

வசந்தாமணி புளிக்கொட்டை ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“கூலி ஏத்திட்டாங்கன்னு நினைச்சேன்” என்றாள். “சந்தோசப்பட்டேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் தரையைப் பார்த்தார்.

“நாளையிலேர்ந்து டப்பா கட்டித் தர்றேன். கேன்டீனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்றாள். “வேற என்ன? இன்னும் ஏதோ இருக்கு உங்க மொகத்துல.”

சொல்ல வேண்டியதுதான்.

“அடுத்த வாரத்துக்குப் பட்டியல் வந்துச்சு.”

“எத்தனை மணி நேரம்?”

“இருபத்தெட்டு” என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்து பார்த்தார்.

வசந்தாமணி புளியை முறத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

“இருபத்தெட்டா?” என்றாள். “மிச்சத்தை எடுத்து வெச்சுட்டு, நாலு வருசமா நான் இருபத்தஞ்சு மணிக் கூலியிலதான் குடும்பம் நடத்தறேன்.”